புள்ளிக்குப் பின்னால் யார் பெரியவர்?

உங்களுக்குத் தெரியுமா? பகுதியில் இந்த முறை: தசம எண்கள்

வீட்டில் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 4.8 பெரியதா, 4.63 பெரியதா? விடை வந்ததும் சரி, தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். கீழே உள்ள துணுக்குகள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

● நீளமானால் பெரியதா?

"4.63தான் பெரிசு" என்று சொல்லும் பிள்ளை மக்கு அல்ல. 63 என்பது 8ஐவிடப் பெரியது என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? முழு எண்களில் இலக்கம் கூடினால் மதிப்பும் கூடும். 999 எவ்வளவு மிடுக்காக நின்றாலும் 1000 அதை வென்றுவிடும். பிள்ளை அந்த விதியைப் புள்ளிக்கு அந்தப் பக்கமும் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். 1980களில் பிரான்ஸ், இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஆய்வாளர்கள் பிள்ளைகளைச் சோதித்தபோது மூன்று இடங்களிலும் இதே தவறு தலைகாட்டியது. மொழி வேறு, பாடத்திட்டம் வேறு, தவறு மட்டும் ஒன்று.

● சரியான விடை, தவறான காரணம்

"4.8தான் பெரிசு" என்ற பிள்ளைக்கும் அவசரப்பட்டு மார்க் போடக் கூடாது. சிலரிடம் காரணம் கேட்டால் இப்படி வரும்: "பத்தில் ஒன்று பெரிய துண்டு, நூறில் ஒன்று சின்னத் துண்டு. அதனால புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு நம்பர் இருந்தா அதுதான் பெரிசு." முதல் பாதி முழு உண்மை. முடிவுதான் கோளாறு. இதே பிள்ளை 0.3, 0.45 இரண்டில் 0.3ஐப் பெரியது என்று சொல்லும். துண்டு எவ்வளவு பெரியது என்று பார்த்த பிள்ளை, எத்தனை துண்டு என்று எண்ண மறந்துவிட்டது.

● இரண்டு கேள்வி போதும்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி இருவரும் 1990களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து தசம ஒப்பீட்டைச் சோதித்தார்கள். 'நீளமே பெரிது' என்ற நினைப்பு வயது ஏற ஏறக் குறைகிறது. 'குட்டையே பெரிது' என்ற நினைப்போ உயர்நிலைப் பள்ளிவரை ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கண்டார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். முதல் ஜோடி 4.8, 4.63. இரண்டாவது ஜோடி 5.62, 5.736. முதலில் தவறி இரண்டாவதில் தேறினால் பிள்ளை நீளத்தைப் பார்க்கிறது. முதலில் தேறி இரண்டாவதில் தவறினால் குட்டையைப் பார்க்கிறது. இரண்டிலும் தேறினால்தான் மேலே போகலாம்.

● அகராதி தெரிந்தால் தசமம் தெரியும்

'படகோட்டி', 'பழம்' இரண்டில் அகராதியில் எது முன்னால் வரும்? படகோட்டிதான். ஐந்து எழுத்தா, மூன்று எழுத்தா என்று யாரும் எண்ணுவதில்லை. முதல் எழுத்து இரண்டிலும் 'ப'. இரண்டாவதில் 'ட'வும் 'ழ'வும் மோதின, அங்கேயே தீர்ப்பு முடிந்தது. தசமமும் அப்படியே. முதலில் முழு எண் பகுதி. அது சமமானால் பத்தில் ஒன்றின் இடம். அதுவும் சமமானால் நூறில் ஒன்றின் இடம். எந்த இடத்தில் முதன்முதலாக வேறுபாடு வருகிறதோ அங்கே தீர்ப்பு. அதற்குப் பின்னால் எத்தனை இலக்கம் வரிசை கட்டி நின்றாலும் பலன் இல்லை.

● வாய் செய்யும் குழப்பம்

4.63ஐ "நாலு பாயின்ட் அறுபத்து மூணு" என்று படிக்கிறோம். காதில் 'அறுபத்து மூணு' விழுந்த பிறகு பிள்ளைக்கு 8 எப்படிப் பெரிதாகத் தெரியும்? "நான்கு புள்ளி ஆறு மூன்று" என்று இலக்கம் இலக்கமாகப் படிக்கப் பழக்குங்கள். அதைவிடத் தெளிவு வேண்டுமா? "நான்கு முழுசு, பத்தில் ஆறு, நூறில் மூன்று" என்று சொல்லச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் வாயிலேயே தீர்ந்துவிடும்.

● காசுக் கணக்கு போதாது

தசமம் சொல்லித்தர எல்லோரும் முதலில் எடுப்பது ரூபாயும் காசும்தான். 4.63 என்றால் நாலு ரூபாய் அறுபத்து மூணு காசு. கேட்க எளிது. ஆனால் பிள்ளை மனத்தில் பதிவது ஒரே எண் அல்ல. நடுவில் புள்ளி வைத்து ஒட்டிய இரண்டு முழு எண்கள். காசில் மூன்றாம் இடமும் கிடையாது. அதையே பிடித்து வளர்ந்த பிள்ளை 4.45, 4.4502 இரண்டையும் ஒன்று என்று சொல்லும், அல்லது திகைத்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளை பத்துக் காசைக் கையால் தொட்டதே இல்லை. பார்க்காத ஒன்றைக் காட்டிப் புரியாத ஒன்றை விளக்குகிறோம்!

● ஒரு மீட்டர் காகிதம்

காசுக்குப் பதில் நீளத்தைப் பிடியுங்கள். பழைய நாள்காட்டித் தாள்களை ஒட்டி ஒரு மீட்டர் நீளப் பட்டை செய்யுங்கள். அதுதான் 1. பத்து சென்டிமீட்டர் துண்டுகள் பத்தில் ஒன்று. ஒரு சென்டிமீட்டர் துண்டுகள் நூறில் ஒன்று. இப்போது 0.4க்கு நான்கு பெரிய துண்டுகள். 0.36க்கு மூன்று பெரிய துண்டுகள், ஆறு சின்னத் துண்டுகள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எது நீளம் என்று கண்ணே சொல்லிவிடும். ஆயிரத்தில் ஒன்று வேண்டுமானால் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டுங்கள்.

● இலக்கத்துக்கு இலக்கம் பெயர்ப்பலகை

ஐரோப்பாவில் தசமத்தைக் கடைக்காரரும் நில அளவையாளரும் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்காட்டியவர் பிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின். 1585இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் பெயர் 'டி தீண்டே'; 'பத்தில் ஒன்று' என்று பொருள். அதில் இன்றைய தசமப் புள்ளி கிடையாது. 27.847 என்பதை 27⓪8①4②7③ என்று எழுதினார். ஒவ்வோர் இலக்கமும் தான் நிற்கும் இடத்தின் எண்ணை வட்டத்துக்குள் சுமந்துகொண்டு நின்றது.

எழுதச் சள்ளைதான். ஆனால் தொடக்கக்காரர்களுக்கு அருமையான உத்தி. 4⓪8①, 4⓪6①3② என்று எழுதிவிட்டால் 8உடன் மோதவேண்டியது 63 அல்ல, ①ஐச் சுமக்கும் 6தான் என்று பளிச்சென்று தெரிகிறது. ஒரு வாரம் நோட்டில் இப்படி எழுதவைத்துப் பாருங்கள்.

● ஸ்டெவினுக்கும் மூத்தவர்கள்

ஸ்டெவினுக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி தசமப் பின்னங்களைக் கையாண்டிருக்கிறார். சமர்கந்தில் அல்-காஷி 1427இல் முடித்த கணித நூலில் அவற்றை விரிவாக விளக்கினார். ஆக, பிள்ளைகள் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும் பாடம், உலகம் நூற்றாண்டுகளாகத் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த பாடம்.

● முந்திரி முதல் கால் வரை

தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு. 1/320 முந்திரி, 1/160 அரைக்காணி, 1/80 காணி, 1/20 மா, 1/16 வீசம், 1/8 அரைக்கால், 1/4 கால். இவற்றைத் தசமத்தில் எழுதினால்: 0.003125, 0.00625, 0.0125, 0.05, 0.0625, 0.125, 0.25. இதுவே ஏறுவரிசை.

இந்த வரிசையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மிக நீளமான எண் முந்திரி, அதுவே மிகச் சிறியது. 'குட்டையே பெரிது' என்று நினைக்கும் பிள்ளையும் இந்த வரிசையை ஏறக்குறையச் சரியாக அடுக்கிவிடும். ஓரிடத்தில்தான் மாட்டும்: மா. இரண்டே இலக்கம் உள்ள 0.05, நான்கு இலக்கம் உள்ள 0.0625ஐவிடச் சிறியது. தப்பான விதி பல கேள்விகளில் தப்பித்துவிடும்; அதைப் பிடிக்க ஒரு 'மா' வேண்டும். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.

● கணினிக்குள் முந்திரி

இந்தப் பின்னங்களுக்கான பழைய தமிழ்க் குறிகளும் அளவைக் குறிகளும் உட்பட 51 எழுத்துகள் 2019இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன.

● ஓரணாவும் 6.25 காசும்

இந்தியாவில் ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. எட்டணா 50 காசாகவும் நாலணா 25 காசாகவும் சிக்கலின்றி மாறின. ஓரணாதான் தகராறு: சரியாக 6.25 காசு. அந்தக் கால் காசை யார் கொடுப்பது, யார் வாங்குவது? புதிய காசுக்கு 'நயா பைசா' என்று பெயர். 1964 ஜூன் 1 முதல் 'நயா' உதிர்ந்தது. இலங்கை இதில் நமக்கு மூத்தது. அங்கே ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு 1872இலேயே வந்துவிட்டது.

● சுழியம்: எங்கே கனம், எங்கே காற்று?

0.5, 0.50, 0.500 மூன்றும் ஒன்றே. கடைசியில் ஒட்டும் சுழியத்துக்குக் கனம் இல்லை. ஆனால் 0.05 என்று புள்ளியை ஒட்டி ஒரு சுழியம் நுழைந்தால் மதிப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சுழியத்தைக் கண்டுகொள்ளாத பிள்ளை 4.08, 4.7 இரண்டில் 4.08ஐப் பெரியது என்று சொல்லும். எட்டு ஏழைவிடப் பெரிதாயிற்றே! இரண்டு விதமான சுழியத்தையும் ஒரே நாளில் அருகருகே காட்டிவிடுவது நல்லது.

● மருந்துச் சீட்டில் தனி விதி

கணக்கு நோட்டில் 1.0 என்று எழுதினால் குற்றமில்லை. மருந்துச் சீட்டில் அது ஆபத்து. புள்ளி மங்கினால் 1.0 மி.கி. பத்து மி.கி. ஆகிவிடும். அதேபோல் .5 என்று மொட்டையாக எழுதினால் புள்ளியைக் கவனிக்காதவர் ஐந்து என்று படிப்பார். அதனால் கடைசிச் சுழியத்தை எழுதாதே, முன்சுழியத்தை விடாதே என்பது மருத்துவப் பாதுகாப்பு விதி. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட 'பயன்படுத்தக் கூடாதவை' பட்டியலில் இந்த இரண்டு தவறுகளும் இருக்கின்றன.

● நகைக்கடைக்காரரின் உத்தி

22 காரட் நகையில் 916, 18 காரட்டில் 750, 14 காரட்டில் 585 என்று முத்திரை இருக்கும். இவை ஆயிரத்தில் இத்தனை பங்கு தங்கம் என்று சொல்பவை: 0.916, 0.750, 0.585. நடுவில் உள்ளதை 0.75 என்று எழுதியிருந்தால் சிலருக்கு 585 பெரிதாகத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் மூன்று இலக்கமாக்கியதால் குழப்பம் இல்லை.

வகுப்பிலும் "சுழியம் சேர்த்துச் சமமாக்கு" என்று இதே உத்தியைச் சொல்லித்தருகிறோம். உத்தி சரிதான். ஆனால் இடமதிப்பு புரியும் முன்பே கொடுத்துவிட்டால் பிள்ளை 80ஐயும் 63ஐயும் முழு எண்களாகவே ஒப்பிட்டுவிட்டுப் போய்விடும். விடை வரும், புரிதல் வராது.

● புள்ளி வேஷம் போடும் நால்வர்

கிரிக்கெட்: 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவர், மூன்று பந்து. அதாவது நாலரை ஓவர். 36 ரன் எடுத்திருந்தால் ரன் விகிதம் 36ஐ 4.5ஆல் வகுத்து 8. 19.5க்கு அடுத்த பந்தில் 19.6 வராது, 20 வரும்.

கடிகாரம்: 5.30 மணி என்று எழுதுகிறோம். அது ஐந்தரை, அதாவது தசமத்தில் 5.5.

உயரம்: ஐந்தடி பத்து அங்குலத்தை 5.10 என்று எழுதுபவர்கள் உண்டு. தசமமாகப் பார்த்தால் அது 5.9ஐவிடக் குறைவு, ஆளோ ஐந்தடி ஒன்பது அங்குலக்காரரைவிட உயரம்!

மென்பொருள்: பைத்தான் 3.9க்கு அடுத்து வந்தது 3.10.

இந்த நான்கிலும் புள்ளி வெறும் தடுப்பு. தசமப் புள்ளி அல்ல. பிள்ளை தினமும் இவற்றைப் பார்க்கிறது. வித்தியாசத்தை நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

● இயந்திரத்துக்கும் அதே சறுக்கல்

9.11 பெரியதா, 9.9 பெரியதா? 2024இல் பெயர்பெற்ற சில செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் 9.11 என்று துணிந்து சொல்லி உலகத்தின் கேலிக்கு ஆளாயின. உங்கள் பிள்ளை தவறினால் துணைக்கு ஆள் இருக்கிறது.

● ஓட்டத்தில் ஏறுவரிசை, தாண்டுதலில் இறங்குவரிசை

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவின் நேரம் 55.42 விநாடி. ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41. நூறில் ஒரு விநாடியில் வெண்கலம் கைநழுவியது.

2023இல் நீளம் தாண்டுதலில் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அதே ஆண்டு கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் தாண்டியது 8.41. இங்கே நூறில் ஒன்று என்பது ஒரு சென்டிமீட்டர்.

ஓட்டத்தில் சிறிய எண்ணுக்குப் பதக்கம், தாண்டுதலில் பெரிய எண்ணுக்கு. ஏறுவரிசை, இறங்குவரிசை இரண்டையும் விளையாட்டுப் பக்கத்தை வைத்தே ஒரு பீரியடில் நடத்திவிடலாம். கூடவே கேளுங்கள்: உசேன் போல்ட்டின் உலக சாதனை 9.58, இன்னொருவர் 9.6இல் ஓடினால் சாதனை உடையுமா?

● பத்து, ஒன்றான கதை

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பதினான்கு வயது நாடியா கொமனேச்சிக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் முழுப் பத்து மதிப்பெண் கிடைத்தது. பலகையில் தெரிந்ததோ 1.00. புள்ளிக்கு முன் ஓர் இலக்கம், பின் இரண்டு இலக்கம் மட்டும் காட்டக்கூடிய பலகை அது. யாரும் பத்து வாங்குவார்கள் என்று நினைக்கவில்லை. புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் எண் பத்து மடங்கு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா?

● நூலக அலமாரியும் கணக்கு வகுப்புதான்

மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட நூல் பகுப்பு முறை தசம எண்களால் ஆனது. அதில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாளத்துக்கு 894.812, கன்னடத்துக்கு 894.814, தெலுங்குக்கு 894.827. அலமாரியில் 511.13 என்ற நூல் 511.2க்கு முன்னால் நிற்கும். ஐந்து நூல்களை ஒரு பிள்ளையிடம் கொடுத்து அதனதன் இடத்தில் செருகச் சொன்னால் அதுவே ஒரு தேர்வு. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆகும் முன் கணிதம் கற்பித்தவர் என்பது கொசுறுத் தகவல்.

● இடையில் யாருமே இல்லையா?

0.3க்கும் 0.4க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். முழு எண்களில் 3க்கு அடுத்தது 4. தசமத்தில் 'அடுத்தது' என்ற ஒன்றே கிடையாது. 0.31 இருக்கிறது, 0.31க்கும் 0.32க்கும் நடுவே 0.315 இருக்கிறது, அதற்கும் நடுவே இன்னும் இருக்கிறது. எண்கோட்டில் நீங்கள் இரண்டு புள்ளி வையுங்கள். பிள்ளை நடுவில் ஒன்று வைக்கட்டும். அதற்கும் பக்கத்துப் புள்ளிக்கும் நடுவில் நீங்கள் வையுங்கள். இந்த விளையாட்டில் தோற்பவர் கிடையாது, தூக்கம் வந்தவர்தான் நிறுத்துவார்.

● பை வரிசை

3.14, 22/7, ஆரியபட்டர் தந்த 3.1416, உண்மையான பை: இந்த நான்கையும் ஏறுவரிசையில் அடுக்கத் தெரியுமா? 22/7 என்பது 3.142857…, பையின் மதிப்பு 3.14159… எனவே 3.14, பை, 3.1416, 22/7. பை என்றால் 22/7 என்று நெட்டுருப் போட்ட பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு.

● சீட்டு ஆட்டம்

0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுங்கள். ஒவ்வொருவரும் தாளில் 0 எழுதிப் புள்ளி வைத்து மூன்று கட்டம் வரையட்டும். சீட்டு எடுத்ததும் அந்த எண்ணை ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதியாக வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. மூன்றும் நிரம்பியதும் பெரிய எண் வைத்திருப்பவருக்கு வெற்றி. முதல் சீட்டு 7 என்றால் முதல் கட்டத்தில் போடுவதா, 9க்காகக் காத்திருப்பதா? நாலு ஆட்டத்தில் பிள்ளைக்குப் புரிந்துவிடும், முதல் கட்டம்தான் ராஜா என்று. அடுத்த சுற்றில் சிறிய எண்ணுக்கு வெற்றி என்று மாற்றிவிடுங்கள்.

● பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று

'முதலில் வேறுபடும் இடமே தீர்ப்பு' என்ற விதிக்கும் விதிவிலக்கு உண்டு. 0.999… என்று ஒன்பது முடிவில்லாமல் போனால் அது 1ஐவிடச் சிறியது அல்ல, 1ஏதான். நம்பாதவர்கள் 1/3 = 0.333… என்பதை மூன்றால் பெருக்கிப் பார்க்கட்டும்.

● இன்று இரவுக்கு

ஒரு தாளில் 0.6, 0.58, 0.605, 0.06 என்று எழுதி ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். விடை: 0.06, 0.58, 0.6, 0.605. கடைசியில் 0.605ஐ வைத்துவிட்டார்கள் என்பதற்காகப் பாராட்டிவிடாதீர்கள். நீளத்தைப் பார்ப்பவரும் அங்கேதான் வைப்பார். 0.6ஐக் கடைசியில் வைத்தார்கள் என்பதற்காகத் திட்டவும் வேண்டாம்; பத்தில் ஒன்று பெரியது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, மிச்சத்தைச் சொல்லித்தர வேண்டியது நாம். சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் ஒரே ஒரு முறை கேளுங்கள்: "எப்படிக் கண்டுபிடிச்சே?"